ஆள் ஏன் நிற்பதில்லை? உணவக வேலையும் அதை விட்டுப் போக வைக்கிற நடைமுறைகளும்

உணவகம் நடத்துகிற யாரிடமாவது தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். வாடகை, எரிவாயு, காய்கறி விலை என்று ஆரம்பித்து, கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: "ஆள் நிற்பதில்லை." திங்கட்கிழமை சேர்ந்தவர் வெள்ளிக்கிழமை வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. அவர் போட்டிருந்த சீருடையைத் துவைத்து அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இவராவது எத்தனை நாள் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

இந்தப் புலம்பல் பொய்யில்லை. ஆனால் அதில் குற்றம் எப்போதும் போகிறவர் தலையில்தான் விழுகிறது. பொறுமை இல்லை, உழைக்க மனசில்லை, நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் ஓடிவிடுவார்கள். படிக்கிற காலத்தில் நானும் ஒரு உணவகத்தில் பரிமாறுகிற வேலை பார்த்தேன். என்னோடு ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள் நான்கு பேர். அரை வருடத்தில் நான்கு பேரும் போய்விட்டார்கள். ஏன் போனார்கள் என்று எனக்குத் தெரியும், எங்களுக்குள் பேசிக்கொள்வோம். ஒருத்திக்கு, முன்கூட்டியே சொல்லியும், பரீட்சை நாளன்று காலை ஷிப்ட் போட்டார்கள். ஒருவருக்கு ஓவர்டைம் காசு மாதக்கணக்கில் வரவில்லை. மற்ற இருவரையும் நிரம்பிய கூடத்தில், எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டினார்கள். கால் வலிக்கிறது, வேலை கடினம் என்று போனவர் அதில் யாரும் இல்லை.

உணவகத்தில் மனிதவளத் துறை என்று தனியாக ஒரு அறை இருப்பது அபூர்வம். அதனால் அங்கே மனிதவள நடைமுறையே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். சுவரில் ஒட்டியிருக்கிற ஷிப்ட் அட்டவணை, முதல் வாரம் யார் பக்கத்தில் நிற்க வைத்தார்கள் என்பது, டிப்ஸ் பெட்டியை யார் திறந்து எண்ணினார்கள் என்பது, தவறு நடந்தபோது எந்தக் குரலில் பேசினார்கள் என்பது, இவைதான் அங்கே மனிதவள நடைமுறைகள். ஆள் நிற்பதா போவதா என்பது பெரும்பாலும் இந்தச் சின்ன இடங்களில் முடிவாகிறது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

வெளியேற்ற விகிதம் என்பது எளிய கணக்கு. ஒரு வருடத்தில் எத்தனை பேர் வேலையை விட்டார்கள் அல்லது நீக்கப்பட்டார்கள், சராசரியாக எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள், முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 20 பேர் வேலை செய்கிற இடத்தில் வருடத்தில் 20 பேர் போனால் 100 சதவீதம்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை இந்தக் கணக்கைத் துறைவாரியாக வெளியிடுகிறது. தங்கும் விடுதிகளையும் உணவகங்களையும் சேர்த்த பிரிவில், சாதாரண ஆண்டுகளிலேயே விகிதம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும். எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தால் 45 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். பெருந்தொற்று வந்த 2020-ல் விடுதி, உணவகப் பிரிவு 130 சதவீதத்தைத் தொட்டது. அதில் பெரும்பங்கு கதவடைப்பால் வேலை போனவர்கள். ஆனால் 2021 கடைசியில், கதவுகள் திறந்து ஆள் தேடி அலைந்த நேரத்தில், ஒரே மாதத்தில் நூற்றுக்கு ஆறு பேர் தாங்களாகவே வேலையை விட்டுப் போனார்கள். அது வேறு விஷயம். முன்பு வேலை அவர்களை விட்டது, அப்புறம் அவர்கள் வேலையை விட்டார்கள்.

இந்த விகிதத்தில் ஒரு பெரிய மறைப்பும் இருக்கிறது. 100 சதவீதம் என்றால் இருபது பேரும் மாறிவிட்டார்கள் என்று பொருளில்லை. பதினைந்து பேர் வருடம் முழுக்க அப்படியே இருந்திருக்கலாம், மீதி ஐந்து இடங்களில் ஒவ்வொன்றிலும் நான்கு முறை ஆள் மாறியிருக்கலாம். அப்படியானால் பிரச்சினை அந்த ஐந்து இடங்களில் இருக்கிறது. ஒருவேளை பாத்திரம் துலக்குகிற இடமாக இருக்கலாம், ஒரு குறிப்பிட்ட சூப்பர்வைசருடைய ஷிப்டாக இருக்கலாம். இருபது பேருமே மாறியிருந்தால் நோய் வேறு. அதனால்தான் போனவர்களை எண்ணுவதோடு, போன வருடம் இதே நாளில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்றும் இருக்கிறார்கள் என்றும் எண்ண வேண்டும். வருகைப் பதிவேட்டை ஒரு மணி நேரம் புரட்டினால் போதும், வேறு செலவு எதுவும் இல்லை. ஆனாலும் இதைச் செய்கிற உணவகங்கள் குறைவு.

போனால் என்ன, இன்னொருவர் வருவார்

பல முதலாளிகள் இப்படித்தான் நினைக்கிறார்கள். விளம்பரப் பலகைக்கும் சீருடைக்கும் ஆகிற செலவு அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. அது சின்னத் தொகைதான். பெரிய தொகை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கரைகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் விருந்தோம்பல் துறை ஆய்வாளர்கள் திமோதி ஹின்கினும் புரூஸ் டிரேசியும் 2000-த்தில் விடுதித் துறையை வைத்து இந்தச் செலவைப் பிரித்துப் பார்த்தபோது, ஆள் தேடுவது, நேர்காணல் செய்வது, சேர்ப்பது எல்லாவற்றையும் விடப் புதியவர் வேலை பழகுகிற வரைக்கும் ஆகிற நஷ்டம்தான் அதிகம் என்று தெரிந்தது.

அது எந்த வடிவத்தில் வருகிறது என்பதை இன்னும் தெளிவாகக் காட்டியது 2006-ல் வெளியான ஓர் ஆய்வு. மிஷேல் காக்மரும் அவருடன் சேர்ந்தவர்களும் பர்கர் கிங் நிறுவனத்தின் 262 கிளைகளின் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆள் அதிகமாக மாறிய கிளைகளில் வாடிக்கையாளர் காத்திருக்கிற நேரம் கூடியிருந்தது, வீணாகிற உணவும் கூடியிருந்தது. அதன் தொடர்ச்சி விற்பனையிலும் லாபத்திலும் தெரிந்தது.

உணவகத்தில் வேலை செய்த யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. பழகிய கை எத்தனை மணிக்கு எவ்வளவு நறுக்கி வைக்க வேண்டும் என்று அறியும். கூட்டம் குறைகிற நேரத்தை முகத்தைப் பார்த்தே சொல்லும். புதிய கை பயத்தில் அதிகமாகச் செய்து வைக்கும், அல்லது போதாமல் செய்து வைக்கும். அதோடு புதியவர் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பக்கத்தில் இருக்கிற பழையவரைத்தான் கேட்க வேண்டும். ஒரு புதியவர் வந்தால் ஒன்றரை ஆளின் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அரை ஆளைத்தான் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

சம்பளம் மட்டும்தான் காரணமா

சம்பளத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசுவது நேர்மை ஆகாது. "பணம் முக்கியமில்லை, மரியாதைதான் முக்கியம்" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள். ஊதியத்தால் ஆளை நிறுத்த முடியும் என்பதற்கு உணவகத்துக்கு வெளியே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1913-ல் ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலையில் வெளியேற்ற விகிதம் 370 சதவீதம். 1914 ஜனவரியில் அவர் நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியம், எட்டு மணி நேர வேலை என்று அறிவித்தார். ஊதியம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அந்த வருடமே விகிதம் 54 சதவீதத்துக்கு இறங்கியது, 1915-ல் 16 சதவீதம் என்கிறது பதிவு. ஊதியம் உயர்ந்ததும் வேலை நேரம் குறைந்ததும் சேர்ந்தே நடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

உணவகங்களில் ஊதியம் என்பது ஒரே எண் கிடையாது. அடிப்படைச் சம்பளம், எத்தனை மணி நேரம் வேலை கிடைக்கிறது, டிப்ஸ் எவ்வளவு, அது எப்படிப் பங்கிடப்படுகிறது, எல்லாம் சேர்ந்ததுதான். டிப்ஸ் அதிகம் புழங்குகிற நாடுகளில் கூடத்தில் பரிமாறுகிறவர் கையில் ஒரு நல்ல இரவில் சேர்கிற பணம், உள்ளே அடுப்படியில் வெந்துகொண்டிருப்பவருக்கு வருவதில்லை. இருவரும் ஒரே சாப்பாட்டுக்காகத்தான் உழைத்தார்கள். இந்த இடைவெளியை மூட நினைத்து நியூயார்க்கின் உணவக அதிபர் டேனி மேயர் 2015 அக்டோபரில் ஒரு துணிச்சலான மாற்றத்தை அறிவித்தார். இனிமேல் டிப்ஸ் கிடையாது, விலையிலேயே எல்லாம் அடங்கும், கிச்சன்காரர்களுக்குச் சம்பளம் உயரும். நோக்கம் நியாயமானது. ஆனால் பரிமாறுகிறவர்களில் சிலருக்கு வருமானம் குறைந்தது, அவர்கள் டிப்ஸ் கிடைக்கிற வேறு இடங்களைத் தேடிப் போனார்கள். 2020 ஜூலையில் அவர் அந்த முறையைக் கைவிட்டார். ஒரு நடைமுறையை மாற்றும்போது யாருக்கு நல்லது என்பதோடு, யார் கையிலிருந்து போகிறது என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டிப்ஸ் தொகையை விடவும் அதைச் சுற்றிய சந்தேகம்தான் ஆட்களை அதிகம் கசப்பாக்குகிறது என்பது என் அனுபவம். பெட்டியில் எவ்வளவு விழுந்தது, யார் எண்ணினார், மேனேஜர் பங்கு எடுத்தாரா என்று தெரியாதபோது, கிடைக்கிற தொகை எவ்வளவாக இருந்தாலும் குறைவாகவே தோன்றும். பிரிட்டன் இதற்கென்றே 2023-ல் ஒரு சட்டம் இயற்றி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டிப்ஸ் முழுவதும் பணியாளர்களுக்கே போக வேண்டும், பங்கீட்டுக்கு எழுத்தில் ஒரு கொள்கை இருக்க வேண்டும், பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது அது.

சுவரில் ஒட்டிய காகிதம்

ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகள். ஒரே சம்பளம், ஒரே சமையல், ஒரே சீருடை. ஒன்றில் ஆட்கள் வருடக்கணக்கில் இருக்கிறார்கள், மற்றொன்றில் மாதத்துக்கு மாதம் முகங்கள் மாறுகின்றன. இதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வித்தியாசத்தைத் தேடிப் போனால் முதலில் பார்க்க வேண்டியது ஷிப்ட் அட்டவணையை.

மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு அட்டவணைதான் வருமானம். இந்த வாரம் 40 மணி நேரம், அடுத்த வாரம் 22 மணி நேரம் என்றால், வாடகை மட்டும் பாதியாகக் குறைவதில்லை. கூட்டம் இல்லை என்று பாதி ஷிப்டில் வீட்டுக்கு அனுப்புவது நிறுவனத்துக்கு மிச்சம். ஆனால் பேருந்து ஏறி வந்தவருக்கு அந்த நாளே நஷ்டம். அட்டவணை முந்தின நாள் இரவில் வந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் சொல்ல முடியாது, வகுப்புக்குப் போக முடியாது, இரண்டாவது வேலை ஒன்றும் பார்க்க முடியாது. இரவு பன்னிரண்டுக்குக் கடையை மூடிவிட்டு, மறுநாள் காலை ஆறுக்குத் திறக்க அதே ஆள் வர வேண்டும் என்றால், தூக்கம் நாலு மணி நேரம். இதையெல்லாம் ஒரு மேனேஜர் கெட்ட எண்ணத்தில் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவரும் யாரோ வராமல் போன ஓட்டையை அடைக்கத்தான் இப்படி எழுதுகிறார். ஆனால் அந்த ஓட்டையை அடைக்கிற விதமே அடுத்த ஓட்டையைத் திறக்கிறது.

டேனியல் ஷ்னைடர், கிறிஸ்டன் ஹார்க்னெட் என்ற இரு சமூகவியலாளர்கள் பல ஆண்டுகளாக அமெரிக்காவின் பெரிய சில்லறைக் கடைகளிலும் உணவக நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களிடம் இதைப் பற்றியே கேட்டு வருகிறார்கள். நிலையில்லாத அட்டவணை தூக்கத்தையும் மனநிலையையும் கெடுப்பதோடு, அப்படி வேலை செய்கிறவர்கள் வேலையை விட்டுப் போவதும் அதிகம் என்பது அவர்கள் கண்டது. சம்பளம் குறைவாக இருப்பதை விட, வேலை நேரம் எப்போது என்று தெரியாமல் இருப்பது மனிதர்களை அதிகம் அரிக்கிறது என்று அந்த ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது.

அமெரிக்காவின் சில ஊர்களில் அட்டவணையை முன்கூட்டியே தரச் சொல்லிச் சட்டமே உள்ளே வந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோ 2014-ல் தொடங்கி வைத்தது. 2017-ல் சியாட்டிலும் நியூயார்க்கும் பின்தொடர்ந்தன. 2018-ல் ஒரிகன் மாநிலம் முழுவதற்கும் இப்படி ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நியூயார்க்கில் துரித உணவகங்கள் 14 நாட்களுக்கு முன்பே அட்டவணையைத் தர வேண்டும். இரவு மூடியவரே காலையில் திறக்கவும் வர வேண்டுமென்றால், நடுவில் 11 மணி நேர இடைவெளி இல்லாதபோது, அவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அதோடு 100 டாலர் கூடுதலாகவும் தர வேண்டும்.

சட்டம் இல்லாத ஊரிலும் இரண்டு வார அட்டவணையை முன்கூட்டியே ஒட்டுவதற்கு யாரும் தடை சொல்லப் போவதில்லை. கூட்டம் எப்போது வரும் என்று தெரியாதே என்பார்கள். பெரும்பாலான உணவகங்களில் சனிக்கிழமை இரவு எப்படி இருக்கும் என்பது போன வருடமே தெரிந்த விஷயம். தெரியாதது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காக மொத்த வாரத்தையும் தொங்கலில் விடுகிறோம். இருவர் தங்களுக்குள் ஷிப்டை மாற்றிக்கொள்ள அனுமதிப்பது அதைவிட எளிது. முன்கூட்டியே கேட்ட லீவை மறக்காமல் இருப்பதும் அப்படித்தான். பரீட்சை எழுதப் போன என் தோழிக்கு இது ஒன்று நடந்திருந்தால் அவள் இன்னும் ஒரு வருடம் இருந்திருப்பாள்.

அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில்

உணவக வேலையைப் பற்றி எழுதப்பட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது, எண்பது வருடங்களுக்கு முன் நடந்த ஓர் ஆய்வு. 1940-களில் வில்லியம் ஃபுட் வைட் என்ற சமூகவியலாளர் சிகாகோ உணவகங்களுக்குள் போய் உட்கார்ந்து கவனித்தார். பரிமாறுகிற பெண்கள் கூட்டம் மிகுந்த நேரத்தில் அழுதுவிடுகிறார்கள். ஏன் அழுகிறார்கள் என்று கேட்டுப் போனார் அவர்.

வாடிக்கையாளர் கத்துவது மட்டும் காரணமில்லை என்று கண்டார். அன்றைய உணவகத்தில் சமையல்காரர் என்பவர் ஆண், வயதில் மூத்தவர், சம்பளமும் மதிப்பும் கூடியவர். பரிமாறுபவர் இளம்பெண், அந்த ஏணியில் கீழே இருப்பவர். ஆனால் ஆர்டர் சொல்வது அந்தப் பெண். சீக்கிரம் கொடுங்கள் என்று கேட்பதும் அந்தப் பெண். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் உத்தரவு போடுவது போல சமையல்காரருக்குத் தோன்றுகிறது. அவர் வேண்டுமென்றே தாமதிக்கிறார், எரிந்து விழுகிறார். வெளியே வாடிக்கையாளர், உள்ளே சமையல்காரர், நடுவில் அந்தப் பெண்.

இதற்கு வைட் காட்டிய வழி மிகச் சிறியது. ஆர்டரைச் சீட்டில் எழுதி ஒரு கம்பியில் குத்தி வைத்தால் போதும். சமையல்காரர் தன் கையால் சீட்டை எடுத்து, வரிசையைத் தானே பார்த்துக்கொள்வார். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. இன்னும் சில இடங்களில் இருவருக்கும் நடுவில் உயரமான மேடை இருந்தது, முகத்தோடு முகம் மோத வழியில்லை. சண்டை குறைந்தது. இன்று கிச்சன்களில் தொங்குகிற சீட்டுக் கம்பியும், அதன் இடத்தைப் பிடித்த திரையும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

எத்தனை மேனேஜர்கள் இந்தச் சண்டையைப் பார்த்துவிட்டு "உங்கள் இருவருக்கும் ஒத்துப்போகத் தெரியவில்லை" என்று அறிவுரை சொல்லி அனுப்பியிருப்பார்கள்! வைட் அந்த இருவரின் குணத்தைத் திருத்தப் போகவில்லை. வேலை ஓடுகிற பாதையைத் திருத்தினார். ஆள் போகிற இடத்தில் எல்லாம் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: இந்த வேலை யாரை யாரோடு மோத வைக்கிறது?

அவர் இன்னொன்றையும் கவனித்தார். நெரிசலிலும் தடுமாறாத பெண்கள், வாடிக்கையாளர் கூப்பிடுகிற வரை காத்திருக்க மாட்டார்கள். தாங்களே முதலில் போய்ப் பேசி, மேசையைத் தங்கள் ஓட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இது பிறவிக் குணமாகத் தெரிந்தாலும் சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும். ஆனால் புதியவர்களுக்கு மெனுவையும் மேசை எண்ணையும்தான் சொல்லித் தருகிறோம்.

முதல் வாரங்கள்

போகிறவர்களில் பலர் சேர்ந்த சில வாரங்களிலேயே போய்விடுகிறார்கள். அவசரத்தில் ஆள் எடுக்கிற நடைமுறைதான் இதற்கு முதல் காரணம். நாளைக்கே ஆள் வேண்டும் என்கிற நேரத்தில் வேலையின் கஷ்டத்தை யாரும் விவரிப்பதில்லை. "நல்ல டீம், ஜாலியா இருக்கும்" என்று சொல்லி எடுத்துவிடுகிறோம். வந்தவர் பத்து மணி நேரம் நின்றுவிட்டு, ஏமாற்றப்பட்டோம் என்று நினைக்கிறார். ஜான் வானஸ் என்ற உளவியலாளர் 1970-களில் தொலைபேசி இயக்குநர்களிடம் சோதித்துப் பார்த்தார். வேலையின் நல்லதும் கெட்டதும் சேர்த்து முன்கூட்டியே காட்டினால், எதிர்பார்ப்பு தரைக்கு வந்துவிடுகிறது, சேர்ந்தவர்கள் நீடிப்பதற்கும் அது உதவுகிறது. பின்னால் வந்த பல ஆய்வுகள் இதன் பலன் சிறியதுதான் என்றும் சொன்னன, ஆனால் பலன் உண்டு. உணவகத்துக்கு இதைக் கொண்டுவருவது சுலபம். சேர்வதற்கு முன் கூட்டமான ஓர் இரவில் இரண்டு மணி நேரம், அதற்கும் சம்பளம் கொடுத்து, நின்று பார்க்கச் சொல்லலாம். பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகிறவர் மூன்றாவது வாரத்தில் போகிறவரை விட எல்லோருக்கும் நல்லது.

அப்புறம், புதியவரை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பது. வழக்கமாக அந்த நேரத்தில் யார் கை காலியாக இருக்கிறதோ அவரிடம். சில சமயம் அவரே போகப் போகிற மனநிலையில் இருப்பவர். முதல் நாளே புதியவர் கேட்பது அவருடைய மனக்குறைகளைத்தான். நன்றாகச் சொல்லித்தரத் தெரிந்த ஒரு பழையவரைத் தேர்ந்தெடுத்து, அதற்கென்று கொஞ்சம் கூடுதல் பணமும் கொடுத்து, அந்த நாட்களில் அவருக்கு மேசைகளைக் குறைத்தால், ஒரே ஏற்பாட்டில் இரண்டு பேர் தங்குகிறார்கள்.

ஒருவர் போவது மற்றவரையும் இழுக்கிறது என்பதும் உணவகத்தில் வைத்தே ஆராயப்பட்ட விஷயம். டேவிட் கிராக்ஹார்ட், லைமன் போர்ட்டர் என்ற இருவர் 1980-களில் துரித உணவகங்களில் வேலை செய்த இளைஞர்களின் நட்பையும் பேச்சுவார்த்தையையும் வரைபடம் போல எடுத்தார்கள். வேலையை விடுவது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடக்கவில்லை. அந்த வலையில் ஒரே மாதிரி இடத்தில் இருந்தவர்கள் கொத்துக் கொத்தாகப் போனார்கள். அவர்களுடைய மற்றொரு கட்டுரையில் எதிர்பாராத ஒரு முடிவும் இருந்தது: போனவர்களுக்கு நெருங்கிய நண்பர்களாக இருந்து, தாங்கள் மட்டும் தங்கியவர்களின் மனநிறைவு கூடியிருந்தது. இருப்பது என்று முடிவெடுத்தவர் அந்த முடிவுக்கான காரணங்களைத் தனக்குள் தேடிக்கொள்கிறார் போலிருக்கிறது, அல்லது தினமும் புலம்புகிற குரல் ஒன்று பக்கத்தில் இல்லாமல் போகிறது. எப்படியானாலும், ஒருவர் போன வாரம் மிகவும் முக்கியமான வாரம். அந்த வாரத்தில் மீதிப் பேரின் தலையில் அவர் வேலையையும் ஏற்றிவிட்டு ஒரு வார்த்தை கூடப் பேசாமல் இருப்பதுதான் பொதுவாக நடக்கிறது.

மேலே நிற்பவர்

கிச்சனில் கத்துவது பரம்பரை வழக்கம் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆனால் கிச்சனைப் பிரிவு பிரிவாக ஒழுங்குபடுத்தி, இன்றைய பெரிய சமையலறைகளுக்கு உருவம் கொடுத்த அகஸ்டே எஸ்கோஃபியே, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தன் கிச்சனில் கூச்சலையும் வசவையும் ஒழிக்கத்தான் பாடுபட்டார். வெப்பத்துக்குக் குடித்துக்கொண்டே வேலை பார்க்கிற பழக்கத்தைத் தடுக்க, பார்லியில் செய்த பானத்தை ஆட்களுக்கு வைத்தார். தடை மட்டும் போடவில்லை, அதற்கு மாற்றும் கொடுத்தார் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

நன்றாகச் சமைக்கிறவரைச் சூப்பர்வைசர் ஆக்குகிறோம். அவருக்கு அட்டவணை எழுதவும், குறை கேட்கவும், திருத்திச் சொல்லவும் யாரும் சொல்லித் தருவதில்லை. தனக்குக் கிடைத்ததையே அவர் திருப்பித் தருகிறார். தாமஸ் லீயும் டெரன்ஸ் மிட்செல்லும் 1994-ல் எழுதியது இங்கே பொருந்தும். மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெறுத்துப்போய்த்தான் வேலையை விடுகிறார்கள் என்பது பாதிக் கதை, பல நேரம் ஒரு சம்பவம் அதிர்ச்சியாக வந்து போக வைக்கிறது என்றார்கள். உணவகத்தில் அந்தச் சம்பவம் பெரும்பாலும் ஒரு வசவு, மறுக்கப்பட்ட ஒரு லீவு, காணாமல் போன ஒரு நாள் சம்பளம். வசவு பத்து விநாடியில் முடிந்துவிடுகிறது. அதன் விலையை அடுத்த இரண்டு மாதம் கொடுக்கிறோம்.

இதே இருவர் தங்கள் குழுவோடு 2001-ல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: ஏன் போகிறார்கள் என்பதை விட ஏன் இருக்கிறார்கள் என்று கேட்டால் என்ன? கிடைத்த விடை மூன்று இழைகள். அங்கே எத்தனை பேரோடு பிணைப்பு இருக்கிறது, அந்த இடம் தன் வாழ்க்கையோடு எவ்வளவு பொருந்துகிறது, போனால் எதை இழக்க வேண்டும். இரண்டு வருடம் இருந்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே மணிக்கூலி, ஒரே மாதிரி ஷிப்ட் என்றால் அந்த மூன்றாவது இழையே இல்லை. மேலே ஏற ஒரு படி, சேவை வருடத்துக்கு ஏற்ற விடுமுறை, தனக்குப் பிடித்த ஷிப்டை முதலில் தேர்ந்தெடுக்கிற உரிமை, இவை அந்த இழையைப் பின்னுகின்றன. இதில் கடைசியானதற்குப் பணமே தேவையில்லை.

காரணம் தெரிய வேண்டும் என்று, போகிறவரிடம் கடைசி நாளில் கேட்கிற வழக்கம் இருக்கிறது. அன்று யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். "வீட்டில் கொஞ்சம் பிரச்சினை" என்பார்கள். அவர்களுக்கு நாளை ஒரு சிபாரிசு தேவைப்படலாம், பாக்கிச் சம்பளம் வர வேண்டியிருக்கலாம். இருக்கிறவரிடம், இருக்கும்போதே, மூன்றாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் தனியாக உட்கார்ந்து கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். ஆனால் கேட்டதில் ஒன்றையாவது சரி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை அவரும் வீட்டுப் பிரச்சினையைத்தான் சொல்வார்.

எல்லோரையும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். படிப்பு முடிந்து போகிறவர், ஊர் மாறுகிறவர், சொந்தமாகக் கடை வைக்கப் போகிறவர், இவர்களுக்கு அந்த உணவகம் ஒரு நிறுத்தம். அவர்கள் எப்படி அனுப்பி வைக்கப்படுகிறார்கள் என்பதும் ஒரு மனிதவள நடைமுறைதான். பல இடங்களில் கடைசி மாதச் சம்பளம் இழுத்தடிக்கப்படுகிறது. இன்று வா, நாளை வா என்று அலைய விடுகிறார்கள். நான் விலகியபோது என் பாக்கிக்கு நான்கு முறை போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் கல்லாவுக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். தட்டுகளை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போன ஒவ்வொருவரும் என்னைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு மாதத்துக்குள் அவர்களில் மூன்று பேர், சம்பளம் கைக்கு வந்த மறுநாளே, சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார்கள்.